பெப்சி பாசியும் எத்தனாயிக் அமிலமும்

மண்டபம், பாம்பன் பக்கம் கடல்பாசி எடுக்கப் போகும் பெண்களிடம் கேட்டால் பெயர்களை வரிசையாகச் சொல்வார்கள்: மரிக்கொழுந்து, கஞ்சிப்பாசி, கட்டக்கோரை, பக்கோடா பாசி, பெப்சி பாசி. ஒவ்வொரு பெயரும் ஒவ்வொரு வழியில் வந்தது. பக்கோடா பாசி பார்த்த உருவத்துக்கு வைத்த பெயர். கஞ்சிப்பாசி கஞ்சி காய்ச்ச உதவியதால் வந்தது. பெப்சி பாசியின் கதையே தனி. 2000-களின் தொடக்கத்தில் அந்தக் குளிர்பானக் கம்பெனி ஒப்பந்த முறையில் இங்கே வளர்க்கக் கொடுத்த வெளியூர்ப் பாசி அது. கம்பெனி அந்தத் தொழிலைக் கைமாற்றிவிட்டுப் போய் வெகுநாள் ஆகிறது. பெயர் மட்டும் போகவில்லை. மூங்கில் மிதவையில் கட்டி வளர்க்கிற பாசி, இன்னமும் பெப்சி பாசிதான்.

கரிம வேதியியலின் பழைய பெயர்களும் இப்படித்தான் பிறந்தன. எறும்புகளைக் காய்ச்சி வடித்ததில் கிடைத்தது ஃபார்மிக் அமிலம். லத்தீனில் எறும்புக்கு ஃபார்மிகா என்று பெயர். வினிகருக்கு அசீட்டம், அதனால் அசிட்டிக் அமிலம். கெட்டுப்போன வெண்ணெயிலிருந்து பியூட்டைரிக் அமிலம். ஆட்டின் பெயரில் மட்டும் மூன்று அமிலங்கள் உண்டு: கேப்ராயிக், கேப்ரிலிக், கேப்ரிக். ஆட்டுப்பால் கொழுப்பில் இருப்பவை. முகர்ந்து பார்த்தவர்கள் ஏன் ஆட்டின் பெயர் என்று கேட்கமாட்டார்கள்.

இந்தப் பெயர்களில் எனக்கு ஒரு குறையும் இல்லை. ஊருக்குள் புழங்குகிறவரை இதைவிட நல்ல பெயர் கிடையாது. சிக்கல், ஊர் பெரிதானபோது வந்தது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் புதுப்புது சேர்மங்கள் ஆய்வகங்களிலிருந்து கொட்டத் தொடங்கின. ஒரே பொருளுக்கு ஆளுக்கொரு பெயர், ஒரே பெயரில் இரண்டு பொருள். 1892-ல் ஐரோப்பிய வேதியியலாளர்கள் ஜெனீவாவில் கூடி, பெயரைக் கேட்டதும் மூலக்கூறின் அமைப்பை வரைய முடிய வேண்டும் என்று ஒரு வழி வகுத்தார்கள். 1919-ல் அமைந்த பன்னாட்டு ஒன்றியமான ஐயூபேக் அந்த வேலையை எடுத்துக்கொண்டது. இன்று நடப்பில் இருக்கும் விதிகள் 2013-ல் வந்தவை. அட்டையின் நிறத்தால் அந்தத் தொகுப்பை நீலப் புத்தகம் என்கிறார்கள். ஆயிரம் பக்கத்துக்கு மேல் போகும். பெயர் வைப்பதற்கு ஒழுங்கு வகுத்த புத்தகத்துக்கே அட்டையைப் பார்த்துத்தான் பெயர் வைத்திருக்கிறார்கள்!

மாலையில் பத்துப் பதினைந்து பிள்ளைகளுக்கு வேதியியல் சொல்லிக்கொடுக்கிறவன் என்பதால் ஒன்று உறுதியாகச் சொல்வேன். பிள்ளைகள் திணறுவது விதிகள் கடினம் என்பதால் இல்லை, பெயரிலிருந்து தொடங்குவதால். நானும் அப்படித் தொடங்கியவன்தான். கார்பன் ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்பதற்கு மெத், எத், புரோப், பியூட் என்று வாய்ப்பாடு மாதிரி ஒப்பித்து வைத்திருந்தேன். தேர்வில் அதே மூலக்கூறை இடமிருந்து வலமாக இல்லாமல் வலமிருந்து இடமாகத் திருப்பி வரைந்திருந்தார்கள். நான் அதற்கு வேறு பெயர் எழுதிவிட்டு வந்தேன். ஒரே ஆள் முதுகைக் காட்டி நின்றதும் அடையாளம் தெரியவில்லை.

பெயர் கடைசியில் வர வேண்டியது. முதலில் கண் போக வேண்டிய இடம் வினைச்செயல் தொகுதி.

அது என்ன? கரிம மூலக்கூறு என்றால் பெரும்பாலும் ஒரு கார்பன் சங்கிலி, அதைச் சுற்றி ஹைட்ரஜன். அந்தச் சங்கிலி மட்டும் இருந்தால் அது சாது. எளிதில் எதனோடும் சேராது, தண்ணீரில் கரையாது, எரிக்கத்தான் உதவும். படகுக்கு ஊற்றுகிற டீசல் அதுதான். அந்தச் சங்கிலியில் ஓர் ஆக்சிஜனோ நைட்ரஜனோ ஓர் இரட்டைப் பிணைப்போ வந்து உட்காரும் இடத்தில்தான் வேலை நடக்கும். புளிப்பு, வாடை, காரம், போதை, கொழகொழப்பு எல்லாம் அங்கேதான் பிறக்கின்றன. அந்த இடத்துக்குத்தான் வினைச்செயல் தொகுதி என்று பெயர்.

ஒரு கணக்குச் சொன்னால் புரிந்துவிடும். இரண்டு கார்பன், ஆறு ஹைட்ரஜன், ஓர் ஆக்சிஜன். இந்த ஒன்பது அணுக்களை இரண்டு விதமாகக் கோக்கலாம். ஆக்சிஜனை ஓரத்தில், ஒரு ஹைட்ரஜனோடு சேர்த்து வைத்தால் அது ஹைட்ராக்சில் தொகுதி. கிடைப்பது எத்தனால், அதாவது சாராயத்தில் உள்ள ஆல்கஹால். 78 டிகிரி செல்சியஸில் கொதிக்கும். அதே ஆக்சிஜனை இரண்டு கார்பனுக்கும் நடுவில் வைத்தால் ஈதர், டைமெத்தில் ஈதர். அது மைனஸ் 24 டிகிரியிலேயே கொதித்துவிடும். நம் ஊர் வெயிலில் அது என்றைக்கும் வாயுதான். சரக்கு ஒன்றுதான், கட்டிய விதம் வேறு. ஹைட்ராக்சில் தொகுதியில் உள்ள ஹைட்ரஜன் பக்கத்து மூலக்கூறின் ஆக்சிஜனைப் பிடித்துக்கொள்ளும். ஈதருக்கு அப்படிக் கைநீட்ட ஹைட்ரஜன் இல்லை.

வினைச்செயல் தொகுதிகளைப் பாடமாகப் படிப்பதைவிட ஒரு கலயத்துக்குள் பார்ப்பது நல்லது. சாயல்குடிப் பக்கம் பனையேறிகள் பாளை சீவிக் கலயம் கட்டுவார்கள். பதநீர் வேண்டும் என்றால் கலயத்தின் உள்ளே சுண்ணாம்பு தடவியிருக்கும். தடவாவிட்டால் விடிவதற்குள் புளித்துக் கள்ளாகிவிடும். தமிழ்நாட்டில் கள்ளுக்கு 1987-லிருந்து தடை. ஆனால் நுண்ணுயிருக்குத் தடை தெரியாது. சுண்ணாம்பின் காரத்தன்மைதான் அதைத் தள்ளி வைக்கிறது.

பதநீரின் இனிப்பு சுக்ரோஸ். அதில் எட்டு ஹைட்ராக்சில் தொகுதிகள். தண்ணீரில் அப்படிக் கரைவது அதனால்தான். ஈஸ்ட் அதை இரண்டாக உடைக்கும்: குளுக்கோஸ், ஃபிரக்டோஸ். இரண்டுக்கும் வாய்பாடு ஒன்றே. ஆனால் குளுக்கோஸின் சங்கிலியில் கார்பனைல் தொகுதி, அதாவது ஆக்சிஜனோடு இரட்டைப் பிணைப்பில் இருக்கும் கார்பன், ஓரத்தில் இருக்கிறது. ஃபிரக்டோஸில் ஓரத்திலிருந்து ஒன்று உள்ளே தள்ளி இருக்கிறது. ஓரத்தில் இருந்தால் ஆல்டிஹைடு, உள்ளே இருந்தால் கீட்டோன். இவ்வளவுதான் வித்தியாசம். அதனால்தான் பிள்ளைகளிடம், கார்பனைலைக் கண்டதும் நின்றுவிடாதே, அதன் இரண்டு பக்கமும் யார் இருக்கிறார்கள் என்று பார் என்பேன். ஒரு பக்கம் ஹைட்ரஜன் என்றால் ஆல்டிஹைடு. இரு பக்கமும் கார்பன் என்றால் கீட்டோன். ஒரு பக்கம் ஹைட்ராக்சில் என்றால் கார்பாக்சிலிக் அமிலம். அதே ஹைட்ராக்சிலின் ஹைட்ரஜன் போய் அங்கே கார்பன் வந்தால் எஸ்டர். பக்கத்தில் நைட்ரஜன் என்றால் அமைடு. ஐந்து வகை, நடுவில் ஒரே கார்பனைல்.

கலயத்துக்குத் திரும்புவோம். ஈஸ்ட் சர்க்கரையை எத்தனாலாக்கும். மேலும் விட்டுவைத்தால் காற்றோடு வரும் பாக்டீரியாக்கள் எத்தனாலை எத்தனல் ஆக்கி, அதை எத்தனாயிக் அமிலமாக, அதாவது பழைய பெயரில் அசிட்டிக் அமிலமாக முடிக்கும். கள் புளித்துக் காடியாகும். இந்த மூன்றிலும் கார்பன் இரண்டுதான். ஒரு கார்பன் கடைசிவரை அசையவே இல்லை. மாறியதெல்லாம் மற்ற கார்பன்: அதில் இருந்தது முதலில் ஹைட்ராக்சில், அப்புறம் ஆல்டிஹைடு, கடைசியில் கார்பாக்சில். பெயரும் அதேபோல் வால் மட்டும் மாறுகிறது: ஆல், அல், ஆயிக் அமிலம். தலையில் உள்ள ‘எத்’ மூன்றிலும் இருக்கிறது, ஏனென்றால் கார்பன் எண்ணிக்கை மாறவில்லை.

இந்த இடத்தில் தமிழ்வழிப் பிள்ளைகளுக்காக ஒரு முறையீடு. எத்தனால், எத்தனல். ஒரு துணைக்கால்தான் வித்தியாசம். கால் இருந்தால் ஆல்கஹால், கால் விழுந்தால் ஆல்டிஹைடு. அவசரத்தில் எழுதும்போது ஒரு கோடு விட்டுப்போனால் மதிப்பெண் போகிறது. சிலர் எத்தனேல் என்று எழுதி இந்தக் குழப்பத்திலிருந்து தப்பிக்கிறார்கள். எனக்கு அதுதான் சரி என்று படுகிறது. மெத்தனால், மெத்தனல் கதை இன்னும் மோசம். முதலாவது, கள்ளச்சாராயத்தில் கலந்தால் கண்ணையும் உயிரையும் எடுப்பது. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் 60-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தது அதனால்தான். இரண்டாவது, தண்ணீரில் கரைத்தால் ஃபார்மலின். மீனில் தெளித்திருக்கிறார்களோ என்று சந்தையில் சந்தேகப்படுகிறோமே, அது.

மெத்தனால் ஏன் விஷம் என்பதற்கும் கலயத்தில் பார்த்த அதே மூன்று படிதான் காரணம். நம் கல்லீரலும் ஆல்கஹாலை ஆல்டிஹைடாக்கி, பிறகு அமிலமாக்கும். எத்தனால் அந்த வழியில் போனால் முடிவில் வருவது வினிகரில் இருக்கும் அமிலம், உடம்புக்குப் பழக்கமானது. மெத்தனால் போனால் வருவது எறும்பின் அமிலம், மெத்தனாயிக் அமிலம். உடம்பால் அதைச் சட்டென்று வெளியேற்ற முடியாது. தேங்கிப்போய், செல்கள் ஆக்சிஜனைப் பயன்படுத்துவதைத் தடுக்கும்; பார்வை நரம்பு முதலில் அடிபடும். ஒரு கார்பன் குறைந்ததற்கு இவ்வளவு. மேலே சங்கிலியைச் சாது என்று சொல்லி ஒதுக்கினேன், இல்லையா? அவ்வளவு லேசாக ஒதுக்கிவிடவும் கூடாது.

சரி, பெயரைக் கட்டுவது எப்படி? தமிழ் படித்தவர்களுக்கு இது ஒன்றும் புதிதில்லை. பகுதி, விகுதி பிரிக்கிற வேலைதான். பகுதி கார்பன் எண்ணிக்கையைச் சொல்லும். நடுவில் ஏன், ஈன், ஐன் என்று வருவது கார்பன்களுக்கு இடையில் ஒற்றைப் பிணைப்பா, இரட்டையா, மூன்றா என்று சொல்லும். விகுதி தலைமைத் தொகுதியைச் சொல்லும். புணர்ச்சி விதிகூட உண்டு. ஆங்கிலத்தில் எத்தேன் என்று எழுதும்போது கடைசியில் ஒலிக்காத ஓர் ‘ஈ’ எழுத்து நிற்கும். பின்னால் வரும் விகுதி உயிரெழுத்தில் தொடங்கினால் அது ஓடிவிடும்: எத்தேன், ஆல் சேர்ந்து எத்தனால். மெய்யில் தொடங்கினால் அப்படியே நிற்கும்: எத்தேன்-1,2-டையால். உயிர் வந்தால் குற்றியலுகரம் கழன்றுகொள்கிற மாதிரிதான். வீடு, இல்லை சேர்ந்தால் வீடில்லை. இதைச் சொன்ன அன்று வகுப்பில் தமிழில் நன்றாக மதிப்பெண் வாங்குகிற, வேதியியலில் தடுமாறுகிற ஒரு பையன் முகத்தில் வந்த வெளிச்சத்தை மறக்கமுடியாது. “அப்ப இதுவும் இலக்கணம்தானா சார்?” என்றான்.

எண் போடுவதில்தான் பாதிப் பேர் சறுக்குவார்கள். அதற்கு ஒரு மல்லிகைப் பூவை எடுத்துக்கொள்வோம். தங்கச்சிமடம் பக்கம் மல்லிகை நாற்று போடுவது பெரிய தொழில். இங்கே வேர்விட்ட பதியன்கள் தமிழ்நாடு தாண்டியும் போகின்றன. அந்தப் பூவின் வாசனையில் நிறைய மூலக்கூறுகள் உண்டு, அவற்றில் ஒன்று லினலூல். எட்டுக் கார்பன் சங்கிலி. ஓர் ஓரத்திலிருந்து நடந்து போவோம். முதல் கார்பனும் இரண்டாவதும் இரட்டைப் பிணைப்பில். மூன்றாவதில் ஒரு ஹைட்ராக்சில், அதே இடத்தில் ஒரு மெத்தில் கிளை, அதாவது ஒற்றைக் கார்பன் கிளை. நான்கும் ஐந்தும் சும்மா. ஆறுக்கும் ஏழுக்கும் நடுவே இன்னோர் இரட்டைப் பிணைப்பு. ஏழாவதில் இன்னொரு மெத்தில். எட்டோடு சங்கிலி முடிகிறது.

எதிர் ஓரத்திலிருந்து நடந்தால் ஹைட்ராக்சிலுக்கு ஆறாம் எண் வரும். விதி என்ன சொல்கிறது என்றால், தலைமைத் தொகுதிக்குச் சின்ன எண் கிடைக்கிற பக்கத்திலிருந்து எண்ணு. மூன்று, ஆறைவிடச் சின்னது. அதனால் நாம் நடந்த வழிதான் சரி. பெயர்: 3,7-டைமெத்தில்ஆக்டா-1,6-டையீன்-3-ஆல். இதை ஒப்பிக்கச் சொன்னால் வாய் வலிக்கும். பின்னாலிருந்து படித்தால் வலிக்காது. ஆல், மூன்றாவதில். இரண்டு இரட்டைப் பிணைப்பு, ஒன்றிலும் ஆறிலும். ஆக்டா, எட்டுக் கார்பன். டைமெத்தில், மூன்றிலும் ஏழிலும் ஒவ்வொரு கிளை. பெயரைப் பின்னாலிருந்து படி என்பதுதான் நான் பிள்ளைகளுக்குத் தருகிற ஒரே குறுக்குவழி.

மல்லிகையில் பென்சைல் அசிட்டேட்டும் உண்டு, அது ஓர் எஸ்டர். எஸ்டர் பெயர் இரண்டு சொல்லாக வரும். முதல் சொல் ஆல்கஹாலிடமிருந்து வந்த பகுதி, இரண்டாவது அமிலத்திடமிருந்து வந்தது. நம் தலைப்பெழுத்து மாதிரி. முன்னால் நிற்பது எங்கிருந்து வந்தது என்று சொல்லும்.

ஒரே மூலக்கூறில் இரண்டு மூன்று தொகுதிகள் இருந்தால் யாருக்கு விகுதி? கோயில் திருவிழாவில் முதல் மரியாதை யாருக்கு என்பது போன்ற கேள்வி. நல்லவேளையாக இங்கே தகராறு வராது, வரிசையை எழுதி வைத்துவிட்டார்கள். கார்பாக்சிலிக் அமிலம் முன்னால். அதன் பின்னே எஸ்டர், அமைடு, நைட்ரைல், ஆல்டிஹைடு, கீட்டோன், ஆல்கஹால், அமீன் என்று இறங்கும். முதல் மரியாதை ஒருவருக்கு மட்டும். மற்றவர்கள் முன்னொட்டாக ஓரத்தில் நிற்க வேண்டும். நிற்கும்போது பெயரையும் மாற்றிக்கொள்ள வேண்டும். ஆல் என்று பெருமையாக வால் பிடித்தவர், அமிலம் வந்ததும் வெறும் ஹைட்ராக்சி.

மீன் குழம்பில் ஊற்றுகிற புளியையே பாருங்கள். புளியின் அமிலம் டார்டாரிக் அமிலம். நான்கு கார்பன். இரண்டு ஓரத்திலும் கார்பாக்சில், நடுவில் உள்ள இரண்டிலும் ஒவ்வொரு ஹைட்ராக்சில். பெயர்: 2,3-டைஹைட்ராக்சிபியூட்டேன்டையாயிக் அமிலம். அமிலங்கள் இரண்டும் விகுதிக்குப் போய்விட்டன, ஹைட்ராக்சில்கள் முன்னால் நிற்கின்றன. பியூட்டேனின் அந்தக் கடைசி எழுத்து ஓடவில்லை, பின்னால் மெய் வந்ததால்.

அந்தப் புளி மீனுக்கு என்ன செய்கிறது? கடல்மீனின் உடம்பில் டிரைமெத்திலமீன் ஆக்சைடு என்றொரு பொருள் உண்டு. உப்பு நீரில் உடம்பு சமாளிக்க உதவுவது. மீன் செத்தபின் பாக்டீரியாக்கள் அதிலிருந்து ஆக்சிஜனை உருவிவிடும். மிஞ்சுவது டிரைமெத்திலமீன். ஒரு நைட்ரஜன், அதைச் சுற்றி மூன்று மெத்தில். அந்தக் கவிச்சி வாடை இதுதான். சுமார் 3 டிகிரியில் கொதிக்கிற பொருள், அதனால் ஐஸ் பெட்டியிலிருந்து வெளியே எடுத்த உடனே மூக்குக்கு வந்துவிடும்.

அமீனில் உள்ள நைட்ரஜனிடம் யாரோடும் பங்கு போடாத ஓர் இணை எலக்ட்ரான் சும்மா இருக்கிறது. அமிலத்தின் ஹைட்ரஜன் அயனியைக் கண்டால் அது பிடித்துக்கொள்ளும். பிடித்ததும் அமீன், மின்னேற்றம் உள்ள உப்பாகிவிடுகிறது. உப்பு பறக்காது, மூக்குக்கு வராது. தண்ணீர் ஊற்றினால் கழுவிக்கொண்டு போய்விடும். குழம்பில் புளி, வறுவலில் எலுமிச்சை, மீன் அறுத்த கையில் புளிக்கரைசல் தேய்ப்பது எல்லாம் இந்த ஒரே வினை. எங்கள் வீட்டில் அம்மா, “புளியை நல்லாத் தேய்ச்சுக் கழுவுப்பா, சோத்துக் கையில வாடை அடிக்கும்” என்பார். அவருக்கு வாய்பாடு எதுவும் தேவைப்படவில்லை.

டிரைமெத்திலமீனின் முறையான பெயர் என்,என்-டைமெத்தில்மெத்தனமீன். யாரும் அப்படிச் சொல்வதில்லை. கரும்பலகையில் அதை எழுதிய அன்று பின் வரிசையிலிருந்து ஒரு குரல்: “சார், அமீனுக்குள்ளயே மீன் இருக்கு.” அன்றைக்கு வகுப்பு அதோடு கலைந்தது. ஆனால் அமீன் என்றால் மீன் வாடை என்று அதற்குப் பிறகு யாருக்கும் நான் சொல்லவேண்டியிருக்கவில்லை.

இனி மிளகாய். பிள்ளைகள் அதிகம் தவறு செய்கிற இடம் இதில் இருப்பதால் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். ராமநாதபுரம் முண்டு மிளகாய்க்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. குண்டாக, உருண்டையாக, தடித்த தோலோடு இருக்கும். எந்த மிளகாயானாலும் காரம் பெரும்பாலும் கேப்சைசினால்தான். அதன் முழுப் பெயர்: என்-[(4-ஹைட்ராக்சி-3-மெத்தாக்சிஃபீனைல்)மெத்தில்]-8-மெத்தில்நோன்-6-ஈனமைடு.

பயப்பட வேண்டாம். பின்னாலிருந்து படிப்போம். அமைடு, அதுதான் முதல் மரியாதை வாங்கியது. ஈன், ஆறாவதில் ஓர் இரட்டைப் பிணைப்பு. நோன், ஒன்பது கார்பன். எட்டாவதில் ஒரு மெத்தில் கிளை. தொடக்கத்தில் தனியாக நிற்கும் ‘என்’ நைட்ரஜனைக் குறிக்கும். அடைப்புக்குள் இருப்பதெல்லாம் சங்கிலியில் இல்லை, நைட்ரஜனில் தொங்குகிறது என்று பொருள். தொங்குவது ஒரு பென்சீன் வளையம், ஆறு கார்பன் வட்டமாகக் கோத்தது. அதில் ஒரு ஹைட்ராக்சில், பக்கத்தில் ஒரு மெத்தாக்சி, அதாவது ஈதர்.

இதைப் படமாக வரைந்து கொடுத்தால் பத்தில் ஏழு பேர், “கீட்டோன் இருக்கு, அமீன் இருக்கு” என்று எழுதுவார்கள். இரண்டும் இல்லை. கார்பனைலும் நைட்ரஜனும் ஒட்டி நின்றால் அது ஒரே தொகுதி, அமைடு. இது பெயர்ச் சண்டை மட்டும் இல்லை. அமீனாக இருந்தபோது சும்மா இருந்த நைட்ரஜனின் அந்த எலக்ட்ரான் இணை, அமைடில் பக்கத்துக் கார்பனைலோடு பங்காகிவிடுகிறது. அமிலத்தைப் பிடிக்க அதற்குக் கை ஒழிவதில்லை. எலுமிச்சை பிழிந்தால் மீன் வாடை போகிறது, மிளகாய்க் காரம் போவதில்லை. இரண்டிலும் நைட்ரஜன் இருந்தும் இப்படி. காரத்தைத் தண்ணீரும் தீர்க்காது, ஒன்பது கார்பன் வால் தண்ணீரோடு ஒட்டாது. பாலோ மோரோ குடித்தால் அதிலுள்ள கேசின் புரதம் அந்த வாலைப் பிடித்துக்கொண்டு போகும்.

வளையத்தில் இருக்கும் ஹைட்ராக்சிலைப் பார்த்ததும் ஆல்கஹால் என்பது அடுத்த தவறு. பென்சீன் வளையத்தில் நேரே ஒட்டினால் அது ஃபீனால். குணம் வேறு, கொஞ்சம் அமிலத்தன்மை உண்டு, ஃபெரிக் குளோரைடு விட்டால் பல ஃபீனால்கள் ஊதா நிறம் காட்டும்.

இன்னொன்று. கேப்சைசினின் இந்த வளையத்தை, ஹைட்ராக்சி, மெத்தாக்சி இருக்கிற இடம்கூட மாறாமல் எடுத்து, அமைடு வாலை வெட்டிவிட்டு ஓர் ஆல்டிஹைடை ஒட்டினால் என்ன கிடைக்கும் தெரியுமா? வனிலின். ஐஸ்கிரீமில் வருகிற வனிலா வாசனை. தலை ஒன்றுதான், வால் மாறியதில் ஒன்று நாக்கை எரிக்கிறது, ஒன்று இனிக்கிறது போல் மணக்கிறது. எரிகிறது என்பதும் சும்மா பேச்சில்லை. சுமார் 43 டிகிரிக்கு மேல் சூடு பட்டால் திறக்கிற ஒரு புரத வாயில் நம் நரம்பில் இருக்கிறது. கேப்சைசின் போய் அதே வாயிலைத் திறந்துவிடுகிறது. மூளைக்குப் போகிற செய்தி, சுட்டுவிட்டது என்பதுதான். கேப்சைசினை வைத்தே அந்த வாயிலைக் கண்டுபிடித்த டேவிட் ஜூலியஸ் 2021-ல் மருத்துவ நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

அமைடு என்றதும் இன்னொரு பொருளும் நினைவுக்கு வருகிறது, யூரியா. ஒரு கார்பனைல், இரண்டு பக்கமும் நைட்ரஜன். 1828-ல் ஜெர்மன் வேதியியலாளர் வோலர் ஓர் ஆய்வகத்தில் தயாரித்து, உயிருள்ளவற்றால்தான் கரிமப் பொருளை உண்டாக்க முடியும் என்ற நம்பிக்கையை அசைத்தது இதை வைத்துத்தான். சுறாவும் திருக்கையும் உடம்பு நிறைய யூரியா வைத்திருக்கும் மீன்கள். காயப்போட்ட திருக்கைக் கருவாட்டில் மூக்கில் ஏறும் அந்த நெடி, யூரியா உடைந்து வருகிற அம்மோனியா.

கடைசியாக, பாசிக்கு வருவோம். மேலே சொன்ன பாசிகளை வியாபாரிகள் ஏன் வாங்குகிறார்கள் என்றால், மூன்று வகைக் கோந்துக்காக. மரிக்கொழுந்திலும் கஞ்சிப்பாசியிலும் அகர். நோன்பு நேரத்தில் கீழக்கரை வீடுகளில் பாலோடு காய்ச்சி ஆறவைத்துத் துண்டுபோடுகிற கடல்பாசி இந்த அகர்தான். பெப்சி பாசியில் கராஜீனன். கட்டக்கோரையிலும் பக்கோடாவிலும் ஆல்ஜினிக் அமிலம். மூன்றுமே சர்க்கரை அலகுகள் நீளமாகக் கோத்த சங்கிலிகள். தூரத்திலிருந்து பார்த்தால் ஒன்றுபோலவே இருக்கும். பெயர் வைக்கச் சொல்லி எந்தத் தேர்விலும் கேட்கமாட்டார்கள். ஆனால் தொகுதியைப் பார்க்கப் பழகியவனுக்கு இங்கேதான் பலன்.

ஆல்ஜினிக் அமிலத்தில் அலகுக்கு ஒன்று வீதம் கார்பாக்சில். வினிகரில் சமையல் சோடா போட்டால் நுரைக்கிறது இல்லையா, கார்பாக்சிலைக் கண்டுபிடிக்கப் பள்ளி ஆய்வகத்தில் செய்வதும் அதுதான். தொழிற்சாலையிலும் அதே வினையின் அண்ணன். கட்டக்கோரையைச் சலவைச் சோடாக் கரைசலில் ஊறவைத்தால் அமிலம் சோடியம் உப்பாகி, கரைந்து வெளியே வரும். அதில் கால்சியம் உப்பைச் சேர்த்தால் கெட்டியாகிவிடும். ஒரு கால்சியம் அயனி இரண்டு கார்பாக்சிலைப் பிடிக்கும். பக்கத்துப் பக்கத்துச் சங்கிலிகளை அது முடிச்சுப் போட்டுவிடுகிறது.

பெப்சி பாசியின் கராஜீனனில் கார்பாக்சில் இல்லை, சல்பேட் எஸ்டர் இருக்கிறது, இரண்டு சர்க்கரைக்கு ஒன்று. அதற்குக் கால்சியத்தைவிடப் பொட்டாசியம்தான் நன்றாக உறைய உதவும். அகரில் சல்பேட் மிகக் குறைவு. ஹைட்ராக்சில்களும் ஓர் ஈதர் பாலமும்தான். வெந்நீரில் கரைத்து ஆறவிட்டால் போதும், தானாக உறையும். கஞ்சிப்பாசி அகரில் மரிக்கொழுந்தைவிடச் சல்பேட் கொஞ்சம் கூடுதல். சல்பேட் மின்னேற்றத்தோடு நிற்பதால் சங்கிலிகள் நெருங்கிச் சுருள முடியாது, கூழ் தளர்வாகிவிடும். அதனால் கஞ்சிப்பாசியை முதலில் காரக் கரைசலில் வேகவைத்து, சல்பேட்டைக் கழற்றி, அந்த இடத்தில் ஈதர் பாலத்தை உண்டாக்குகிறார்கள். மரிக்கொழுந்துக்கு அந்த வேலை இல்லை. ஆய்வகங்களில் பாக்டீரியா வளர்க்கிற தட்டுக்கு உரிய கெட்டியான அகர் அதிலிருந்து வருகிறது.

என்னிடம் படிக்கிற ஒரு பெண்ணின் அம்மா பாசி எடுக்கப் போகிறவர். விரல்களில் துணி சுற்றிக்கொண்டு, கண்ணாடி மாட்டிக்கொண்டு, பாறையிடுக்கில் முங்கி எடுக்கிற வேலை. ஒரு நாள் வகுப்பு முடிந்து மகளைக் கூப்பிட வந்தவரிடம், சல்பேட், ஈதர் பாலம் என்று அவள் ஒரே மூச்சில் சொல்லி முடித்தாள். அவர் கேட்டுக்கொண்டே நின்றார். “அதுக்குத்தான் மரிக்கொழுந்துக்குக் கூட விலை போடுறாங்களா சார்?” என்றார். ஆமாம் என்றேன். “கட்டக்கோரை நாலு மூட்டை குடுத்தாலும் அந்தக் காசு வராது” என்று சொல்லிவிட்டு, மகளைப் பார்த்து, “நாளைக்குக் காயப்போட்டதுல கலந்து கெடக்குறதப் பிரிக்கணும், சீக்கிரம் எந்திரி” என்றார்.